கட்டை குடித்த எண்ணெய்

முப்பத்தோராவது தடவைதான் அது நடந்தது. அதற்கு முந்தைய முப்பது தடவையும் எதுவும் நடக்காததால் அவள் மனம் கடையை விட்டு நழுவி, பட்டறையில் காத்திருந்த ஆறு நாற்காலிகளுக்குப் போயிருந்தது. முன்பு யாரோ அவற்றின் முதுகில் அப்பியிருந்த மட்டமான சாயத்தை எதைக் கொண்டு சுரண்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பேனாவின் மூடியைத் திறந்தால் வருமே, அவ்வளவுதான்.

துப்பாக்கிக் கடைக்காரரின் கை அப்படியே நின்றது. நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"பார்த்தீங்களாம்மா?"

"என்ன சார்?"

"என் விரல் எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தாள். அவருடைய ஆட்காட்டி விரல் டிரிக்கரிலிருந்து நன்றாக விலகி, காற்றில் நீட்டியபடி நின்றது. கட்டைவிரல் மட்டும், தவறிச் சுடாமல் தடுக்க மேலே வைத்திருந்த சின்ன சேஃப்டிப் பட்டையின் மேல் இருந்தது.

"டிரிக்கரை நான் தொடவே இல்ல. சேஃப்டியைத்தான் தள்ளினேன். தானா அடிச்சிருச்சு. உள்ள தோட்டா இருந்திருந்தா எதிர்க்கடைக்காரர் இந்நேரம் டிக்கெட் வாங்கியிருப்பார்." தன் பேச்சுக்குத் தானே லேசாகச் சிரித்துக்கொண்டு, நோட்டை இழுத்து ஓர் எண்ணை அடித்து எழுதினார். "எண்பதாயிரம் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே முப்பத்தஞ்சுதான்."

எண்பதும் முப்பத்தைந்தும் அவள் காதில் ஏறவில்லை. தொடவே இல்ல என்றது மட்டும் ஏறியது. அதை இவர் சொன்னதாகவே தோன்றவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டை முழுக்க அண்ணனின் ரத்தத்தோடு நின்றுகொண்டு கொழுந்தன் சொன்னது அது. டிரிக்கரை நான் தொடவே இல்ல அண்ணி, சேஃப்டியைத்தான் தள்ளினேன். ஓர் எழுத்து மாறவில்லை.

மேசையில் விரித்திருந்த பச்சைத் துணியில் ஒரு நூல் பிரிந்து கிடந்தது. அவள் அந்த நூலையே பார்த்தாள். அதை இழுத்தால் துணி முழுவதும் பிரிந்துவிடுமோ என்று, அந்த நேரத்தில், கவலைப்பட்டாள்.

அவள் துப்பாக்கியை விற்றுத் தலைமுழுக வந்தவள். கணவன் பெயரிலிருந்த உரிமம் வாரிசு முறையில் அவள் பெயருக்கு மாறியிருந்தது. பீரோவில் சும்மா கிடக்கும் வேட்டைத் துப்பாக்கிக்காக மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதைப் புதுப்பித்தும் வந்தாள். இந்தத் தடவை உரிம அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்க வேட்டைக்குப் போவீங்களா?" என்று கேட்டாள். இல்லை. "அப்புறம் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? மாசக் கடைசிக்குள்ள வித்துட்டு ரசீதைக் கொண்டு வாங்க." அழுவது என்று அந்தப் பெண் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் யோசித்தாள்: பதினோரு வருடத்தில் ஒருநாளும் அதைக் கட்டிக்கொண்டு அழுததில்லை. துடைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

அந்த டிக் சத்தத்துக்கு முன்னால் கடைக்காரர் ஒரு மணி நேரமாக நிதானமாகத்தான் பார்த்தார். குழலுக்குள் சின்ன விளக்கை விட்டு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். தேய்மானம் அதிகமில்லை என்றார். இரும்பில் பொறித்திருந்த எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டார். தோளில் பதியும் மரப்பகுதிக்கு, கட்டை என்று அவர்கள் சொல்வதற்கு வந்தபோதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை யாரும்மா பார்த்துக்கிட்டது?"

"நான்தான் சார்."

"நீங்களா? முப்பது வருஷமா இதுலயே கிடக்கேன், மரம் இப்படி மின்னி நான் பார்த்ததில்ல. கட்டைக்கு மட்டுமே தனியா பத்து போடலாம்."

"மரச்சாமானுக்கு மெருகு போடுறதுதான் சார் என் தொழில்."

"அதான பார்த்தேன். கைராசி, கைராசி."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்து முழுதாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"கடைசியா சேஃப்டி" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆரம்பித்தார். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை இழுத்து மூடுவது, சேஃப்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டுவது, முன்னால் தள்ளி விடுவிப்பது, மறுபடியும் போல்ட். "எல்லாரும் மூணு தடவை பார்த்துட்டு விட்டுடுவாங்க. நான் அம்பது. என் சம்சாரம்கூட திட்டுவா, வாசக்கதவைப் பூட்டிட்டு எத்தனை தடவைதான் இழுத்துப் பார்ப்பீங்கன்னு."

இப்போது அவர் முப்பத்தோராவதைக் குறித்துக்கொண்டு மீதியையும் செய்தார். நாற்பத்து நான்கில் மறுபடியும் டிக்.

"அம்பதுல ரெண்டு" என்றார்.

"போலீஸ்ல பார்த்தாங்களே சார்." தன் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் அவளுக்குக் கேட்டது. "குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்களே."

அவர் நிமிர்ந்தார். "போலீஸ்ல எதுக்கும்மா பார்த்தாங்க?"

"ஒரு விபத்து. என் வீட்டுக்காரர்."

கடைக்காரர் துப்பாக்கியை மெதுவாகப் பச்சைத் துணியில் கிடத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "எத்தனை தடவை பார்த்தாங்கன்னு அதுல இருக்கா?"

அந்தக் காகிதம் அவளுக்கு மனப்பாடம். நான்கு முறை சோதிக்கப்பட்டது, குறை இல்லை. அந்த ஒரு வரியைத்தான் பதினோரு வருடமாக அவள் தலைக்கு வைத்துத் தூங்கினாள்.

"நாலு" என்றாள்.

"நாலு தடவைல எனக்கும்தான் ஒண்ணும் நடக்கல" என்றார் அவர்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலைக் குளிரில் அண்ணனும் தம்பியும் வேட்டைக்குப் போனார்கள். அண்ணன் புதரை விலக்கிக்கொண்டு முன்னால், தம்பி துப்பாக்கியோடு பின்னால். எதிரே ஏதோ அசைந்தது. தம்பி சேஃப்டியைத் தள்ளினான். குண்டு அண்ணனின் தொடையில் பெரிய ரத்தக்குழாயைக் கிழித்துக்கொண்டு போனது. சாலைக்குத் தூக்கிவர இரண்டு மணி நேரம். கவனக்குறைவு என்று தம்பி ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். சட்டம் அவனை அத்தோடு விட்டுவிட்டது. அவள்தான் விடவில்லை.

காரியம் முடிந்து வீடு நிறையச் சொந்தம் உட்கார்ந்திருந்தபோது அவன் மறுபடியும் அதையே சொன்னான், தொடவே இல்ல என்று. அவள் எழுந்து நின்று கேட்டாள்: "விரல் படாமலே வெடிச்சுதாம். அப்ப என் புருஷன் குண்டு படாமலே செத்தாரா?"

யாரோ ஒருவர் உச்சுக் கொட்டினார். யாரோ ஒருவர், அந்தச் சமயத்திலும், என்ன ஒரு கேள்வி என்று தலையாட்டினார். அந்தக் கேள்வி குடும்பம் முழுக்கப் பரவியது. பரவினதோடு நிற்கவில்லை. அப்போது அவள் மகளுக்கு ஒன்பது வயது. சில மாதம் கழித்து ஒரு தம்ளர் உடைந்தது. உடைத்தது யார் என்று கேட்டதற்கு மகள் கைகளை மேலே தூக்கி, "நான் தொடவே இல்ல, சித்தப்பா விரல்" என்றாள். கணவன் போனபின் அவள் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான். அதன்பிறகு அந்த வீட்டில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், சித்தப்பா விரல்.

"சார், இது செஞ்ச இடத்துலயே வந்த குறையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று அவர் சொல்லவேண்டும் என்று உடம்பு முழுவதும் வேண்டிக்கொண்டது. எங்கோ ஒரு தொழிற்சாலை, முகம் தெரியாத யாரோ ஒருவன், அவன் மேல் பழி போகட்டும். அது தாங்கக்கூடியதாக இருக்கும்.

"பார்த்துடலாம்" என்று அவர் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, இரும்பை மரத்திலிருந்து தனியாகத் தூக்கினார். டிரிக்கர் மேலே போய்ச் சேரும் இடத்தில் ஓர் ஊசியை விட்டுக் கீறினார். ஊசி முனையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெள்ளைக் காகிதத்தில் தட்டினார்.

"இதான் வில்லன். யாரோ விவரம் கெட்ட ஆள் எண்ணெயை விட்டிருக்கான். துப்பாக்கி எண்ணெய் இப்படி ஆகாது. இது காஞ்சு பிசினாகி, பிசின் கண்ணாடியாகி, டிரிக்கர் திரும்பி வராம பிடிச்சுக்குது. குளிர்ல இன்னும் மோசம். கல்லு மாதிரி நிக்கும்."

காகிதத்தில் கிடந்தது தேன் நிறத்தில் ஒரு செதில். கடுகின் பாதி இருக்கும்.

அவர் சொல்லி முடிக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிறத்தை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். அவளுடைய பட்டறையில், ஆளிவிதை எண்ணெய் டப்பாவின் மூடி விளிம்பில் தினமும் படிவது அது. முதல்நாள் தண்ணீர், மூன்றாம்நாள் பசை, பத்தாம்நாள் கண்ணாடி. துடைக்காமல் மூடினால் மறுநாள் திருப்புளி வைத்து நெம்பவேண்டும். கூட வேலை செய்யும் பெண்களை அதற்காக அவள் திட்டாத நாளில்லை. "காஞ்சா பூட்டிக்கும்டி, எத்தனை தடவை சொல்றது" என்று அவள் வாயே தேய்ந்திருக்கிறது.

துப்பாக்கியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டுதான் அவள் எண்ணெய் தேய்ப்பாள். டிரிக்கர் மேலே பார்த்தபடி இருக்கும். அதைச் சுற்றி மரத்தில் ஒரு நீளப் பிளவு, டிரிக்கர் வெளியே வருவதற்காக விட்டது. கை அதிகம் படுகிற இடம் அதிகம் குடிக்கும் என்பது தொழில் பாடம். அதனால் அந்த இடத்தில் மட்டும் துணியால் தேய்க்காமல் சொட்டுச் சொட்டாக விடுவாள். விட்டதெல்லாம் உள்ளே போகும். அவள் வேலை செய்த எந்த நாற்காலியிலும் எந்தக் கட்டிலிலும் அடியில் இரும்பு ஒளிந்திருந்ததில்லை. மரத்தில் விட்ட எண்ணெயை மரம்தான் குடிக்கும் என்று கை பழகியிருந்தது. "பாருங்க, என்னமா குடிக்குது" என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் சமையலை நான்கூட இப்படிச் சாப்பிட்டதில்ல" என்றான். அவள் துணியால் அவன் தோளில் அடித்தாள்.

குடித்தது மரமில்லை.

கடைக்காரர் செதிலிலிருந்து கண்ணை எடுத்துத் தனியே கிடந்த கட்டையைப் பார்த்தார். அதன் பளபளப்பைப் பார்த்தார். பிறகு மேசை விளிம்பைப் பற்றியிருந்த அவள் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் எப்போதும் போகாத அந்தப் பழுப்பு.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறியது. அவள் அதை எண்ணினாள். எண்ணுவதைத் தவிர மனதுக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. அழுகை வருவதற்கு முதலில் ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அவள் இருந்த இடத்தில் யாரும் இல்லாததுபோல் இருந்தது.

"அரை மணி நேர வேலைம்மா" என்று அவர் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பெட்ரோல்ல ஊறப்போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும். அப்புறம் எண்பது தாராளமாத் தரலாம். பழைய கதையை யாரும் கிளறப் போறதில்ல."

நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அரை மணி நேரம், ஒரு கிண்ணம் பெட்ரோல். அந்தக் கடுகின் பாதி கரைந்துபோகும். அதோடு சேர்ந்து பதினோரு வருடமும் முன்பு இருந்தபடியே இருக்கும்: அவள் சரி, அவன் தப்பு.

"இப்ப வேண்டாம் சார். இப்படியே இருக்கட்டும். நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்க."

அவர் அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்தார். குழல், கட்டை, எண் எல்லாம் நிரப்பிவிட்டு, குறை என்ற இடத்தில் எழுதினார்: டிரிக்கரைத் தொடாமல் சேஃப்டியைத் தள்ளும்போது தானாகவே சுடுகிறது, ஐம்பதில் இரண்டு. அடுத்த வரி, காரணம். பேனா அங்கே நின்றது.

"அதுவும் எழுதணுமா சார்?"

"கட்டாயமில்ல. வாங்குறவனுக்குக் குறை தெரிஞ்சா போதும்."

"அப்ப விட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இவ்வளவு பெரிய அடி விழுந்து மூச்சு திரும்புவதற்குள், தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஒருத்தி உள்ளே எழுந்து உட்கார்ந்து கணக்காகப் பேசிவிட்டாளே என்று இருந்தது. படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

தெருவில் இறங்கியதும் போன் அடித்தது. மகள்.

"வித்தாச்சாம்மா? எவ்வளவு தேறிச்சு?"

"இன்னும் இல்ல."

"சரி, திட்டாத. மேல் அலமாரி கண்ணாடி ஜாடி உடஞ்சிருச்சு. நான் சும்மாதான் நின்னேன். சத்தியமா சித்தப்பா விரல்."

ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான். அவள் நடுத்தெருவில் நின்றிருந்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இனிமே அப்படிச் சொல்லாத."

"எப்படி?"

"சித்தப்பா விரல்னு."

"நீதானம்மா சிரிப்ப" என்றாள் மகள்.

கொழுந்தன் வேலை செய்த சலவைக்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. பதினோரு வருடமாக அவள் அந்த முனை வந்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடுவாள். அப்படி மாறும்போது ஒரு சின்னத் திருப்தி இருக்கும், நாக்கில் கல்கண்டு போட்டுக்கொண்டதுபோல். இன்றும் கால் தானாக எதிர்ச்சாரிக்குத் திரும்பியது. திரும்பிய காலை நிறுத்தவேண்டியிருந்தது.

உள்ளே நீராவியும் சோப்பு மணமுமாக இருந்தது. ஒரு வாடிக்கையாளர் சட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "மடிப்பு மாஸ்டர், இந்த மடிப்பை வச்சுக் காய்கறி வெட்டலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். மடிப்பு மாஸ்டர் என்றது அவனைத்தான். முன்னந்தலை வழுக்கையாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அதன் பொத்தானை நடுவிரலால் அழுத்தி அணைத்தான். ஆட்காட்டி விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தது. அடிபட்ட விரல் இல்லை அது. மடக்கியே வைத்துப் பழகிய விரல்.

"வாங்க அண்ணி" என்றான், நேற்றும் வந்துபோனவளைச் சொல்வதுபோல. "பாப்பா நல்லாயிருக்கா?"

அவள் பையைத் திறந்தாள். படிவத்தைப் பிரித்து நீட்டினாள். அவளுடைய இருபதாம் வயதில், கல்யாண வீட்டில் தன்னைவிடப் பெரிய மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த சின்னப்பையன் முகம் இது என்று, கடிதம் படிப்பதுபோல் உதடசைத்து அவன் படித்தபோது தோன்றியது. இரண்டு தடவை படித்தான். பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"இல்ல அண்ணி. விரல் பட்டுச்சு."

"என்னது?"

"பட்டுச்சு."

"நீ தொடவே இல்லைன்னுதானே சொன்ன? ஆஸ்பத்திரில சொன்ன, வீட்ல வந்து சொன்ன, கோர்ட்ல சொன்ன."

"சொன்னேன். அப்ப அப்படித்தான் தோணுச்சு." அவன் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. கறை எப்படிப் போகும் என்று விளக்குகிறவன் குரல்தான் இருந்தது. "உள்ள இருந்த ஆறு மாசமும் நீங்க கேட்டதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். குண்டு படாமலே செத்தாரான்னு கேட்டீங்கல்ல. நியாயம்தானே. தானா எப்படி வெடிக்கும்? முதல்ல ஞாபகம் வரல. தினமும் அந்த இடத்துல போய் நின்னு பார்ப்பேன், மனசுக்குள்ள. ஒருநாள் வந்துச்சு. இப்ப நல்லாத் தெரியுது. இந்த இடத்துல சில்லுனு இரும்பு பட்டுச்சு." மடங்கியிருந்த விரலை நிமிர்த்தி, முதல் கணுவைக் காட்டினான். பிறகு அதைத் திரும்ப மடக்கிக்கொண்டான். "விடுங்க அண்ணி. நானே ஒத்துக்கிட்டேன். நீங்க எதுக்கு இப்ப?"

பழியைத்தான் அவன் தலையில் வைத்தோம் என்று கடையிலிருந்து இங்கே வரும்வரை நினைத்திருந்தாள். அதை இறக்கிவிடலாம், இறக்கினால் ஆயிற்று என்று. அவள் கேட்ட ஒரு கேள்வி அவனுக்குள் போய்ச் சொட்டுச் சொட்டாக இறங்கி, பிசினாகி, கண்ணாடியாகி, அவனுடைய ஞாபகத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. நடக்காத ஒன்று அவன் விரலில் சில்லென்று இருக்கிறது.

அதே நேரத்தில் அந்த இன்னொருத்தி மறுபடியும் எழுந்து உட்கார்ந்தாள். அவனே பட்டுச்சு என்கிறானே. அவனே ஒத்துக்கொண்டதை மாற்ற நீ யார்? வீட்டுக்குப் போ. நாளைக்குப் பெட்ரோல். எண்பது. அந்த யோசனையில் ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை, அவ்வளவு வழவழப்பாக இருந்தது. அவள் போட்ட மெருகைப்போல.

"கடை ஏழு மணி வரைக்கும் இருக்கும்" என்றாள். "வா."

"எங்க?"

"அம்பது தடவை. அதுக்கு மேல நான் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டேன்."

"அதை நான் தொட மாட்டேன் அண்ணி."

"தொட வேணாம்னுதான் கூப்பிடுறேன்" என்றாள்.

கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கழற்றி வைத்திருந்த இரும்பைக் கட்டையில் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டினார், தன் சுண்டு விரலை விட்டும் காட்டினார். காகிதத்தில் இருந்த செதிலை மட்டும் ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்தார்.

"உட்காருங்க தம்பி. நான் செஞ்சா கண்கட்டு வித்தைன்னுவீங்க. நீங்களே பண்ணுங்க. போல்ட்டை இழுத்து மூடுங்க. சேஃப்டியைப் பின்னால, அப்புறம் முன்னால. இந்த விரலை மட்டும் நல்லா வெளிய நீட்டிக்கோங்க."

அவன் வெகுநேரம் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். கட்டையின் மெருகில் விளக்கு வெளிச்சம் நீளமாக விழுந்து கிடந்தது. பிறகு கையை வைத்தான். ஆட்காட்டி விரல் பிரிய மறுத்தது. இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தி விட்டான்.

"ஒண்ணு" என்றான்.

ஒன்றுமில்லை. இரண்டு. மூன்று. நான்காவதில் அவள் மூச்சைப் பிடித்தாள், போலீஸ்காரர்கள் நிறுத்திய இடம் அது. ஐந்து. பத்துக்கு மேல் அவன் கை பழகிவிட்டது. பதினைந்துக்கு மேல் அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவுவதைக் கண்டு அவள் திடுக்கிட்டாள். நடக்காது என்றுதான் அவன் நம்புகிறான். நடக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறான். நடந்துவிட்டால், செய்யாத தப்புக்கு மடக்கி வைத்த இத்தனை வருடத்தை அவன் என்ன செய்வான்?

இருபத்தாறில் டிக் என்றது.

அவன் முதலில் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தான். அது வெளியே, காற்றில், எதையும் தொடாமல் நின்றது. மடங்கவும் இல்லை. யாருடையதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறி இடறியது, மறுபடி இடறியது.

"போதும் தம்பி" என்றார் கடைக்காரர். "அடிச்சிருச்சே."

"அம்பதுன்னு சொன்னீங்கல்ல" என்றான் அவன். "முடிச்சுடுறேன்." போல்ட்டை இழுத்து மூடினான். "இருபத்தேழு."

அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பச்சைத் துணியில் விரித்தாள். மேசைமேல் கிடந்த பேனாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். காரணம் என்ற வரி காலியாக இருந்தது. உள்ளே உறைந்த எண்ணெய் என்று எழுதினாள். அது இன்னும் யாருடையதும் இல்லாத எண்ணெயாக இருந்தது. அதனால் தொடர்ந்து எழுதினாள்: மரத்துக்கு விடுவதாக நினைத்து, டிரிக்கர் பிளவில் சொட்டுச் சொட்டாக விட்டது நான். அண்ணி என்று கையெழுத்துப் போடுவதா தன் பெயரைப் போடுவதா என்று ஒரு நொடி தடுமாறி, அண்ணி என்றே போட்டாள்.

"முப்பத்தெட்டு" என்றான் அவன், தலை நிமிராமல்.

படிவத்தை அவன் பக்கமாகத் திருப்பி, ஐம்பது முடிந்து அவன் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் தள்ளி வைத்தாள். பிறகு பழுப்பேறிய கைகளை மேசைமேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முப்பத்தொன்பது."